பழைய சட்டையில் ஒரு போர்வை!

குட்டீஸ், உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழந்துணி மூட்டை இருக்கிறதா? சின்னதாகிப் போன பாவாடை, காலர் கிழிந்த அப்பா சட்டை, அண்ணனின் பழைய யூனிபார்ம்... 'கரித்துணிக்கு ஆகும்' என்று அம்மா எடுத்து வைத்திருப்பார். இந்த வாரம் அந்த மூட்டையைத்தான் பிரிக்கப் போகிறோம். அதற்கு முன், இதே மாதிரிப் பழந்துணியை வைத்தே உலகப் புகழ் பெற்ற ஒரு கிராமத்தைப் பார்த்துவிட்டு வருவோமா?

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே அலபாமா ஆறு ஓரிடத்தில் குதிரை லாடம் போல வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் ஊர், ஜீஸ் பெண்ட். மூன்று பக்கமும் தண்ணீர்! 'ஜீ' என்பது அங்கே பருத்தித் தோட்டம் போட்ட முதலாளியின் பெயர். 'பெண்ட்' என்றால் வளைவு. அந்தத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வாரிசுகள் பலர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அவர்களுடைய பலகை வீடுகளில் இடுக்கு இடுக்காகக் குளிர்காற்று நுழையும். போர்வை இல்லாமல் தூங்கவே முடியாது. கடையில் வாங்கவோ காசு கிடையாது. பகலெல்லாம் பருத்திக் காட்டில் வேலை செய்த பெண்கள், நைந்து போன பேண்ட், சட்டை, மாவு மூட்டைத் துணி என்று கிடைத்ததை எல்லாம் வெட்டி, இணைத்துப் போர்வை தைத்தார்கள். முழங்கால் பக்கம் துணி வெளுத்திருக்கும். பாக்கெட்டைப் பிரித்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாகவே இருக்கும். அதையெல்லாம் அவர்கள் மறைக்கவில்லை. அதுதான் அந்தப் போர்வைகளின் அழகே!

மிசௌரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துவிட்டார். அவர் வயலுக்கு உடுத்திப் போன உடுப்புகள்தான் வீட்டில் மிச்சம். அவற்றைத் தூக்கிப் போட மிசௌரிக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் போர்வையாகத் தைக்கப் போகிறேன், அவர் நினைவாக அதைப் போர்த்திக் கொள்வேன் என்று மகளிடம் சொன்னார். சொன்னபடியே 1942-ல் தைத்தார். கணவரின் வியர்வை பட்டு வெளுத்த துணி அது. கடையில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்குமா?

அந்த ஊருக்கு இன்னொரு கஷ்டமும் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேம்டன் நகரத்துக்குப் படகில்தான் போய் வந்தார்கள். ஓட்டுரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் போராடத் தொடங்கிய சமயம், 1962-ல் அந்தப் படகு நிறுத்தப்பட்டது! மறுபடி எப்போது வந்தது தெரியுமா? 2006-ல். எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த இடைவெளியில், 1966-ல், அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் போர்வைகளை விற்கத் தொடங்கினார்கள். 2002-ல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால் துறை அவற்றின் படத்தோடு 10 விதத் தபால்தலைகள் வெளியிட்டது.

சரி, இனி நம் மூட்டை! அம்மாவைக் கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். நீங்கள் பழசு என்று நினைப்பது, அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த சேலையாக இருக்கலாம்!

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பருத்தியோடு பருத்திதான் சேர வேண்டும். துணியை உள்ளங்கையில் கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் பெரும்பாலும் பருத்தி. விறைப்பாக விரிந்துகொண்டால் பாலியஸ்டராக இருக்கும், வேண்டாம். பனியன் துணியும் வேண்டாம், இழுத்தால் நீளும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலை மாதிரித் தெரியும் இடம் நைந்த இடம். அதை விட்டுவிட்டு, சட்டையின் முதுகுப் பக்கம் போல நன்றாக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். போதவில்லையா? தெருமுனை டெய்லரிடம் கேட்டால் வெட்டுத் துண்டுகள் தருவார்.

புதுத் துண்டுகளை முதலில் தண்ணீரில் நனைத்துக் காய வையுங்கள். தறியில் இழுத்துப் பிடித்து நெய்த நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் போர்வை அப்பளம் போல நெளிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம்.

அட்டையில் 7 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக் கொள்ளுங்கள். அதைத் துணியின் இழை போகும் திசைக்கு நேராக வைத்து, சாக்பீஸால் வரைந்து 48 துண்டுகள் வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டினால் துணி இழுபடும். கைக்குட்டையை மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், புரியும்.

எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். குறுக்கே 6, நெடுக்கே 8. கண்ணை இடுக்கிக் கொண்டு பார்த்தால் வெளிர் நிறம் எங்கே, அடர் நிறம் எங்கே என்று தெரியும். ஒரே பக்கம் கும்பலாக இருந்தால் மாற்றி வையுங்கள். எனக்கென்னவோ, பூப்போட்ட துணிகளுக்கு நடுவே இரண்டு மூன்று கட்டம் போட்ட லுங்கித் துண்டு இருந்தால்தான் போர்வை எடுப்பாகத் தெரிகிறது!

இனி தையல். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் பொடித் தையலாகப் போடுங்கள். மிஷின் தேவையில்லை. நூல் உங்கள் முழங்கை நீளம் இருந்தால் போதும். அதிகமானால் சிக்கிக் கொள்ளும். 6 துண்டு சேர்ந்தால் ஒரு வரிசை. வாரம் ஒரு வரிசை முடித்தால், 8 வாரத்தில் 3 அடி அகலம், 4 அடி நீளத்தில் மேல்துணி தயார். பெரியவர்களிடம் கொடுத்து இஸ்திரி போட்டு வாங்குங்கள்.

பழைய பருத்திச் சேலையை எல்லாப் பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டித் தரையில் விரியுங்கள். அதன்மேல் சேலையின் மீதியை, மேல்துணி அளவுக்கு, இரண்டு மடிப்பாகப் போடுங்கள். அதற்கும் மேலே நீங்கள் தைத்தது. குண்டூசி குத்தி, எல்லாவற்றையும் சேர்த்து நெடுக வரிவரியாகத் தையல் ஓட்டுங்கள். இந்தத் தையல் அழகுக்கு மட்டும் இல்லை. இது இல்லாவிட்டால் துவைக்கும்போது நடுத்துணி ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும்! கடைசியாக, ஓரத்தில் நீட்டிக் கொண்டிருக்கும் சேலையை மேல்பக்கமாக மடித்துத் தைத்து விடுங்கள். குண்டூசிகளை எண்ணி எடுத்து டப்பாவில் போட மறக்காதீர்கள்.

ஒரு மூலையில் உங்கள் பெயரையும் வருஷத்தையும் நூலால் எழுதுங்கள். எந்தத் துண்டு யாருடைய சட்டை, யாருடைய பாவாடை என்று ஒரு தாளில் படம் வரைந்து குறித்தும் வையுங்கள்.