டிக்கெட் காசு எங்கே போகிறது?

டீ கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் உங்கள் சந்தேகத்தைப் பார்த்துவிடலாம். மும்பை போகிறீர்கள். தாராவியை நடந்தே சுற்றிக் காட்டுகிறார்களாம், கட்டுகிற காசு அந்த மக்களுக்கே போகிறதாம், இதை நம்பலாமா என்று கேட்டீர்கள். நம்பலாம், ஆனால் கணக்கைப் புரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். மாஹிம், சயான் ரயில் நிலையங்களுக்கு நடுவே, இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நிலம். குடிசைப் பகுதி என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிடுகிறோம். உள்ளே போனால் தொழிற்பேட்டை. மும்பை தூக்கியெறியும் பிளாஸ்டிக் அங்கே வந்து, நிறம் பார்த்து, வகை பார்த்துப் பிரிக்கப்படுகிறது. பிறகு நொறுக்கி, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கி விற்கிறார்கள். அதற்குள்ளேயே இருக்கும் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் வழிவந்தவர்கள் சூளை வைத்திருக்கிறார்கள். சந்துகளில் பெண்கள் அப்பளம் இட்டுக் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உலர்த்துகிறார்கள். தோல் தொழிலும் உண்டு. அதில்தான் நம் ஊர்க் கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் அங்கே தோல் பதனிடும் வேலைக்குப் போனார்கள். இன்றும் அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். காலையில் மும்பைத் தெருக்களில் சைக்கிளில் வரும் இட்லிக்காரர்களில் பலர் தாராவியிலிருந்து கிளம்புகிறவர்கள்.

தாராவியில் 2006-இல் நடைச் சுற்றுலாவைத் தொடங்கியது ‘ரியாலிட்டி டூர்ஸ் அண்ட் டிராவல்’. கிருஷ்ணா பூஜாரி, இங்கிலாந்துக்காரரான கிறிஸ் வே என்ற இருவர் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதிகளில் இப்படி அழைத்துப்போவதைப் பார்த்து வந்த யோசனை. பிறகு 2009-இல் ‘ரியாலிட்டி கிவ்ஸ்’ என்ற தொண்டு அமைப்பையும் பதிவுசெய்தார்கள். தாராவி இளைஞர்களுக்கு ஆங்கிலம், கணினி கற்றுத்தருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. நிறுவனத்தின் லாபத்தில், வரி போக, 80 சதவீதம் இத்தகைய பணிகளுக்கு என்று அறிவித்திருக்கிறார்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். லாபத்தில் 80 சதவீதம் என்றார்கள். டிக்கெட் விலையில் என்று சொல்லவில்லை. கையிலிருக்கும் டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுப்பதில் பால், சர்க்கரை, தூள், கேஸ், கடை வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் போய் மிஞ்சுவதுதான் லாபம். அதுபோல, ஒரு பேச்சுக்கு, நீங்கள் 1,000 ரூபாய் கட்டி, செலவும் வரியும் போக 200 மிஞ்சினால், தொண்டுக்குப் போவது 160. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் 800 ரூபாய் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டு போனால் தவறு நம்முடையது.

அந்தச் செலவையும் வீண் என்று தள்ளாதீர்கள். அதில் வழிகாட்டியின் சம்பளம் இருக்கிறது. அவர் அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர் என்றால், நன்கொடை என்ற பெயர் இல்லாமலேயே அந்தக் காசு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், எத்தனை சதவீதம் என்பதைவிட முன்னால் நடப்பவர் யார் என்பதுதான் முக்கியம்.

டில்லியிலும் இப்படி ஒரு நடை உண்டு, ஆனால் அங்கே ஏற்பாடு வேறு மாதிரி. மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ படம் 1988-இல் வந்தது. தெருவில் வாழும் பிள்ளைகளின் கதை. அதைத் தொடர்ந்து அத்தகைய பிள்ளைகளுக்காகவே ‘சலாம் பாலக் டிரஸ்ட்’ உருவானது. அவர்கள் பஹாட்கஞ்ச், புதுடில்லி ரயில் நிலையப் பக்கம் நடத்தும் நடையில், அதே தெருக்களில் வளர்ந்து டிரஸ்டின் பராமரிப்புக்கு வந்தவர்களே வழிகாட்டிகள். மும்பையில் ஒரு நிறுவனம் நடத்துகிறது, லாபம் தொண்டுக்குப் போகிறது. டில்லியில் தொண்டு அமைப்பே நடத்துகிறது. இரண்டும் சரியான வழிதான். நீங்கள் போகுமிடம் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருடக் கணக்கை வெளியிடுகிறார்களா என்றும் பாருங்கள். சுத்தமாக நடத்துகிறவர் இந்தக் கேள்விக்குச் சங்கடப்படமாட்டார்.

இன்னொன்றும் உங்கள் மனதில் ஓடுகிறது, தெரியும். இல்லாதவர்களை வேடிக்கை பார்க்கக் காசு கொடுப்பதா? இந்தக் கூச்சம் வேண்டியதுதான், விட்டுவிடாதீர்கள். அதற்காகத்தான் தாராவி நடையில் படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்து, சிறு குழுவாக அழைத்துப்போகிறார்கள். ஒருவர் தன் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் கழுவும்போது நாம் செல்போனை நீட்டினால், எவ்வளவு நன்கொடை கொடுத்தாலும் அது ஈடாகாது. நம் வீட்டு முற்றத்தில் யாராவது அப்படி வந்து நின்றால் பொறுப்போமா? போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வேலை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். தமிழ் பேசுகிறவர் கண்ணில் பட்டால், ‘எந்த ஊர்ப் பக்கம்ணே?’ என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

நடை முடிந்ததும் உடனே டாக்ஸி பிடிக்காதீர்கள். அங்கேயே ஒரு கடையில் கட்டிங் சாய் வாங்கிக் குடியுங்கள், தோல் பர்ஸோ மண் அகலோ பிடித்திருந்தால் வாங்குங்கள். அந்தக் காசுக்கு நான் இவ்வளவு நேரம் சொன்ன சதவீதக் கணக்கு எதுவும் கிடையாது. கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள்.

டீ ஆறிவிட்டது, குடியுங்கள்.