கொல்லிமலையின் 70 வளைவுகளும், கேமில் நசுங்காத காரும்!

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி. அடிவாரத்தைத் தாண்டிய சற்று நேரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிடுகிறது. அங்கே எண்ண ஆரம்பித்தால், மேலே போய்ச் சேரும்போது கணக்கு 70-ல் நிற்கும். பாதி வழியிலேயே சிலருக்குத் தலை சுற்றும், சிலர் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுப்பார்கள். ஆனால் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பொடியன் மட்டும் தலை நிமிராமல் போனில் ஒரு பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். அதுவும் மலைப்பாதையில்!

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. இந்தோனேஷியாவின் மேலியோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா' என்ற மொபைல் கேம், தமிழ்நாட்டுப் பையன்களிடம் பெரிய ஹிட். காரணம், விளையாடுபவர்களே புதிய வண்டிகளைச் செய்து அதில் சேர்க்க முடியும். 'மோட்' என்று அதற்குப் பெயர். நம் ஊர் அரசு பஸ், கலர் கலரான தனியார் பஸ், ஏர் ஹாரன் சத்தம், கண்ணாடியில் எழுதிய சாமி பெயர் வரை எல்லாம் அந்த கேமுக்குள் வந்துவிட்டன. மலைப்பாதை வரைபடங்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு.

பார்க்க அச்சு அசலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பஸ் வளைவில் தடுப்புச் சுவரை இடித்தால் என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 'டொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரிவர்ஸ் எடுத்து அடுத்த வளைவுக்குப் போய்விடலாம். கண்ணுக்கு நிஜம், உடம்புக்குப் பொய். கார் ரேஸ் கேம்களின் 30 வருடக் கதையே இந்த ஒரு வரிதான்.

விழுந்தால் எழுந்து ஓடு!

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் சென்டர்களில் பொழுதைக் கழித்தவர்களுக்கு 'ரோட் ராஷ்' மறக்காது. பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டவர் ரோட்டில் உருண்டு, எழுந்து, ஓடிப்போய் பைக்கை எடுத்து மறுபடி கிளம்புவார். அதைப் பார்த்து அன்று சிரித்தவர்கள், இன்று பிள்ளைகளுக்கு ஹெல்மெட் வாங்கித் தருகிறார்கள்.

1997-ல் ஜப்பானில் இருந்து 'கிரான் டூரிஸ்மோ' வந்தது. உருவாக்கியவர் கஸுனோரி யமவுச்சி. அசல் கார்களின் எடை, இன்ஜின் சக்தி, டயர் பிடிமானம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த கேம். 'நிஜமான டிரைவிங் சிமுலேட்டர்' என்றே விளம்பரம் செய்தார்கள். ஆனால் 200 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் காரில் ஒரு கீறல்கூட விழாது. அந்த வரிசையில் வண்டி நசுங்குவதைப் பார்க்க, 2010-ல் 5-ம் பாகம் வரும் வரை ரசிகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கத்தில், மோதுவதையே விளையாட்டாக்கிய கேம்களும் உண்டு. 1995-ன் 'டிஸ்ட்ரக்‌ஷன் டெர்பி', 2004-ன் 'பர்ன்அவுட் 3' இரண்டிலும் எவ்வளவு நொறுக்குகிறீர்களோ அவ்வளவு பாயின்ட். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'பர்ன்அவுட்' கார்கள் எதுவும் அசல் கம்பெனிக் கார்கள் அல்ல, கற்பனை வண்டிகள்.

ஏன் நசுங்குவதில்லை?

முதல் காரணம், கம்பெனிகள். அசல் காரின் பெயரையும் உருவத்தையும் கேமில் காட்ட, அந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். தங்கள் கார் அப்பளம்போல நொறுங்கி, உள்ளே இருப்பவர் மேல் கூரை அமுங்குவதைக் காட்ட எந்த நிறுவனத்துக்குத்தான் மனம் வரும்? அதனால்தான் பல கேம்களில் பம்பர் தொங்கும், கண்ணாடி உடையும். ஆனால் டிரைவர் சீட் இருக்கும் பகுதி மட்டும் குலையாமல் இருக்கும்.

இரண்டாவது காரணம், கணக்கு. காரை அழகாகக் காட்டுவது ஓவியம் வரைவது மாதிரி. வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிடும் 'ரே ட்ரேசிங்' நுட்பம் வந்த பிறகு, பானெட்டில் மேகம் நகர்வதுகூடத் தெரிகிறது. ஆனால் கார் நசுங்குவதைக் காட்ட ஓவியம் போதாது. எந்த இடத்தில், என்ன கோணத்தில், எவ்வளவு வேகத்தில் அடி விழுந்தது, இரும்பு எங்கே மடங்கும், எங்கே கிழியும் என்று அந்தக் கணத்திலேயே கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது காரணம், விளையாடுபவர்தான். முதல் வளைவில் இடித்ததும் ஆட்டம் முடிந்துவிட்டால் இரண்டாவது தடவை யார் விளையாடுவார்கள்? 2008-ல் வந்த 'கிரிட்' என்ற கேம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. கார் நன்றாகவே நொறுங்கும். ஆனால் ஒரு பட்டனைத் தட்டினால், மோதுவதற்குச் சில நொடிகள் முன்னால் காலம் திரும்பிப் போய்விடும்!

2,000 தடவை போடும் கணக்கு

அந்த இரும்புக் கணக்கைத் துணிந்து கையில் எடுத்தது, ஜெர்மனியின் பிரெமன் நகரில் உருவாகும் 'பீம் என்ஜி டிரைவ்'. 2013-ல் முதன்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது. இதில் கார் என்பது ஒரு படம் அல்ல. நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஆயிரக்கணக்கான கம்பிகளால் இணைத்துக் கட்டிய கூடு. ஒவ்வொரு கம்பிக்கும் இவ்வளவு விசைக்கு வளையும், இவ்வளவுக்கு மேல் உடையும் என்று அளவு உண்டு. ஒரு நொடிக்கு 2,000 தடவை கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் போடுகிறது. அதனால் ஒரே சுவரில் இரண்டு முறை மோதினாலும், கோணம் கொஞ்சம் மாறினால் காரும் வேறு மாதிரி நசுங்கும். சக்கரம் கோணலானால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ரேடியேட்டர் உடைந்தால் இன்ஜின் சூடாகும்.

இதைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் உண்மை புரியும். முன்பகுதி மடங்குவது காரின் பலவீனம் அல்ல, வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி, முன்பகுதி அரை மீட்டர் மடங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில், 60 கிலோ எடையுள்ள ஒருவரை சீட் பெல்ட் சுமார் 1,200 கிலோவுக்குச் சமமான விசையோடு பிடித்து நிறுத்த வேண்டும். கார் மடங்கவே இல்லையென்றால் அது இன்னும் பல மடங்கு கூடும். இரும்பு வாங்க வேண்டிய அடியை எலும்பு வாங்கும்.

இந்தியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' சோதனையில் காரை 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுத்தான் ஸ்டார் கொடுக்கிறார்கள். '64 எல்லாம் ஒரு வேகமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அந்த வேகத்தில் மோதுவது, 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கார் விழுவதற்குச் சமம்.

கேம் சொல்லித்தராத மலை

கொல்லிமலைக்கு வருவோம். மேலே ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பார்கள் அனுபவம் உள்ளவர்கள். ஏன்? உச்சிக்கும் அடிவாரத்துக்கும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வித்தியாசம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அத்தனையையும் பிரேக்கின் தலையிலேயே சுமத்தினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். காய்ந்த பிரேக் பிடிக்காது. அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்கிறார்கள். பாதிச் சுமையை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும்.

பெரும்பாலான மொபைல் கேம்களில் பிரேக் சூடாவதே இல்லை. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை விதியும் அங்கே இல்லை. விடியற்காலைப் பனி மூட்டம், ரோட்டின் குறுக்கே குட்டியோடு பாயும் குரங்கு, பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு எதிரே வரும் வேன், ஆடிப் பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு வரும் கூட்டம், இவை எதுவும் இல்லை. வளைவின் அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாத பயம் இல்லவே இல்லை.

'அண்ணே, கேம்ல இந்த ரோட்டப் பத்தே நிமிஷத்துல ஏறிடுவேன்' என்று ஒரு பையன் இங்கே பஸ் ஓட்டும் டிரைவரிடம் சொன்னால், அவர் சிரித்துக்கொண்டே ஒன்றுதான் சொல்வார்: 'தம்பி, உன் போன்ல ரீஸ்டார்ட் பட்டன் இருக்கு. என் வண்டியில அது இல்லையேப்பா.'

சோபாவிலிருந்து சர்க்யூட்டுக்கு

அப்படியானால் கேம் வெறும் ஏமாற்று வேலையா? அதுவும் இல்லை. இங்கிலாந்து இளைஞர் ஜேன் மார்டன்பரோ 'கிரான் டூரிஸ்மோ' விளையாடியே 2011-ல் ஒரு போட்டியில் ஜெயித்து, நிஜமான ரேஸ் டிரைவர் ஆனார். 2023-ல் அவர் கதை ஹாலிவுட் படமாகவும் வந்தது. லேசர் கருவியால் ரேஸ் டிராக்கை அளந்து, மேடு பள்ளம் வரை அப்படியே கேமில் கொண்டுவரும் நுட்பமும் உண்டு. பிரேக் எங்கே பிடிப்பது, வளைவில் எங்கே திரும்புவது என்று அதில் கற்றுக்கொள்ள முடியும்.

ஆனால் அதே மார்டன்பரோவின் கார், 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் மேட்டில் ஏறி, காற்றில் தூக்கி எறியப்பட்டு, வேலியைத் தாண்டி விழுந்தது. அவர் பிழைத்தார். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் இறந்துபோனார். கேமில் எத்தனையோ தடவை அவர் பார்த்த அதே டிராக்தான். இந்த முறை காலத்தைத் திருப்ப பட்டன் இல்லை.

ஜெர்மனி உளவியல் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் யோசிக்க வைக்கிறது. ரேஸ் கேம் விளையாடிய ஆண்கள், வேறு கேம் விளையாடியவர்களைவிட, அடுத்து வைத்த டிரைவிங் சோதனையில் கூடுதலாக ரிஸ்க் எடுத்தார்கள். அது கேம் முடிந்த உடனே அளந்தது. கேம் ஆடுபவர் எல்லாம் விபத்து செய்வார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கேமை வைத்த கையோடு பைக் சாவியை எடுக்க வேண்டாம் என்று சொல்ல அது போதும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு.

வீட்டில் என்ன செய்யலாம்?

போனைப் பிடுங்கி வைப்பதைவிட, கேமின் செட்டிங்ஸைத் திறந்து பிள்ளையோடு உட்காரலாம். கம்ப்யூட்டர் கேம்கள் பலவற்றில் 'டேமேஜ்' அளவை முழுசாக வைக்கும் வசதி உண்டு. காலத்தைத் திருப்பும் வசதியை நிறுத்திவிடலாம். வெளியிலிருந்து பார்க்காமல், டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கும்படி மாற்றலாம். 2012-ல் வந்த 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2' போன்ற கேம்களில் லாரியில் அடிபட்டால் ரிப்பேர் செலவு, சம்பாத்தியத்திலிருந்து போகும். லாரித் தொழிலால் வாழும் நாமக்கல்லில் யாருக்கும் அந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை!

இவ்வளவும் செய்தால், 'வேகமாகப் போனவன் கெட்டிக்காரன்' என்பது போய், 'வண்டியைப் பழுதில்லாமல் கொண்டு சேர்த்தவன் கெட்டிக்காரன்' என்று ஆகிவிடும். மலையில் பஸ் ஓட்டும் ஒவ்வொரு டிரைவரும் தினமும் ஜெயிப்பது இந்த ஆட்டத்தில்தான்.

கொல்லிமலைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. இந்த மலையில் ஒரு பாவை இருந்தது. அதன் அழகில் மயங்கி அருகில் போனவர்களை, சிரித்தே கொன்றுவிடும். காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும், நிலமே நடுங்கினாலும், அந்தப் பாவையின் அழகு மட்டும் குலையாது என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

போன் திரையில் மின்னும் அந்த காரும் கொல்லிப்பாவைதான். எத்தனை முறை மோதினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதை ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் 70 வளைவுகளில் நிஜமாக இறங்கும்போது, ஓட்டுவது பாவை அல்ல. உள்ளே இருப்பது சதையும் எலும்பும். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறி வருபவருக்கு வழிவிடுங்கள்.