ஏவுகணைக் கூடத்திலிருந்து குழந்தையின் காலுக்கு: ஐதராபாத்தில் உருவான இலேசான தாங்கி

நிமிர்ந்து நிற்பது மனித உடலின் இயல்பு எனக் கருதப்பட்டாலும், அது தசைகளின் ஓயாத உழைப்பினால் கைகூடுவதாகும். தலையைக் கழுத்துத் தசைகளும், உடற்பகுதியை முதுகுத் தசைகளும், முழங்காலைத் தொடைத் தசைகளும் இடையறாது தாங்கி நிற்கின்றன. இவற்றுள் ஒரு தொகுதி செயலிழந்தாலும் உடலின் சமநிலை குலைகிறது. செயலிழந்த தசையின் பணியை வெளியிலிருந்து நிறைவேற்றுவதற்காக உடலில் அணியப்படும் சாதனங்களே தாங்கிகள் எனப்படுகின்றன. கழுத்துப் பட்டை, முதுகெலும்புக் கச்சு, காலிபர் என்று பொதுவாக வழங்கும் கால் தாங்கி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒரு தாங்கியின் பயன் அதன் உறுதியை மட்டும் பொறுத்ததன்று. அணிபவர் அதை நாள் முழுவதும் அணிந்திருக்க இயலுமா என்பதையும் பொறுத்ததாகும். 1990களில் ஐதராபாத்தில் உருவான ஒரு கால் தாங்கியின் வரலாறு இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

இளம்பிள்ளை வாதமும் உலோகச் சுமையும்

போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதக் கிருமி, முதுகுத் தண்டில் உள்ள இயக்க நரம்பு அணுக்களைத் தாக்குகிறது. அந்நரம்புகளால் இயக்கப்படும் தசைகள் தளர்ந்து மெலிகின்றன. ஆனால் தொடு உணர்வு குன்றுவதில்லை. தொடையின் முன்பக்கத் தசை தளர்ந்துவிட்டால், காலூன்றும்போதெல்லாம் முழங்கால் மடிந்துவிடும். ஆகவே பாதிக்கப்பட்ட குழந்தை ஒவ்வோர் அடிக்கும் தன் கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடக்கிறது.

இக்குறையைப் போக்க நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தது உலோகக் காலிபர் ஆகும். காலின் இருபுறமும் உலோகப் பட்டைகள், அவற்றை இணைக்கும் தோல் வார்கள், முழங்காலில் ஒரு பூட்டு, அடியில் கனத்த பூட்ஸ் ஆகியவை இதன் உறுப்புகள். முழங்காலைப் பூட்டிவிடுவதால் கால் மடிவதில்லை; ஆனால் நடையும் விறைத்துவிடுகிறது. உட்காரும்போதெல்லாம் பூட்டைத் திறக்க வேண்டும். தரையில் அமர்ந்து உண்ணும் வீடுகளிலும், தரையில் அமர்ந்து பயிலும் பள்ளிகளிலும் இது பெரும் இடையூறாகும்.

எடை இதனினும் பெரிய இடர்ப்பாடு. 18 கிலோ எடையுள்ள ஐந்து வயதுக் குழந்தைக்கு 3 கிலோ காலிபர் என்பது அதன் உடல் எடையில் ஆறில் ஒரு பங்காகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ இரும்பைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதற்கு இது ஒப்பாகும். அச்சுமையைத் தூக்க வேண்டியதோ ஏற்கெனவே வலுவிழந்த கால். பல வீடுகளில் காலிபர் மூலையில் கிடக்க, குழந்தை தவழ்ந்து சென்றதற்குக் காரணம் பெற்றோரின் அக்கறையின்மை அன்று; சாதனத்தின் சுமையே ஆகும்.

ஆராய்ச்சிக் கூடமும் மருத்துவமனையும்

ஐதராபாத்தின் காஞ்சன்பாக் பகுதியில் பாதுகாப்புத் துறையின் ஏவுகணை ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ளது. 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை வளர்ச்சித் திட்டம் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாமின் தலைமையில் இங்கிருந்து நடத்தப்பட்டது. 1989 மே 22ஆம் நாள் அக்னி ஏவுகணை முதன்முதலாக ஏவப்பட்டது. இதன் பொருட்டு எடை குறைந்த, வலிமை மிக்க கூட்டுப்பொருள்கள் பல உருவாக்கப்பட்டன.

அதே நகரின் பஞ்சகுட்டாவில், முன்பு எலும்பு மருத்துவமனையாக விளங்கிய நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. அங்கிருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர், கூட்டுப்பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து அதன் இலேசான தன்மையைக் கண்டு வியந்தார். கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, 3 கிலோவுக்கு மேற்பட்ட காலிபரை இழுத்துக்கொண்டு நடந்த சிறுவர் சிறுமியரைக் காட்டினார். மூன்று வாரங்களில் சுமார் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் செய்யப்பட்டுக் குழந்தைகளுக்கு அணிவிக்கப்பட்டன என்று கலாம் பின்னாளில் பல மேடைகளில் விவரித்துள்ளார். தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக அவர் இதனைக் குறிப்பிட்டார்.

தாங்கி இயங்கும் விதம்

இச்சாதனம் ‘தரை எதிர்விசைத் தாங்கி’ என்னும் வகையைச் சேர்ந்தது. ஒருவர் காலூன்றும்போது, அவர் தரையை அழுத்தும் அளவுக்குத் தரையும் அவரது பாதத்தை எதிர்த்து அழுத்துகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதியாகும். இந்த எதிர்விசை முழங்கால் மூட்டுக்குப் பின்புறமாகச் சென்றால் முழங்கால் மடியும். முன்புறமாகச் சென்றால் முழங்கால் நீண்டு நிற்கும்.

பாதத்தையும் கணுக்காலையும் ஒரே ஓடாகப் பொதிந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்கால் எலும்பின் மீது அகன்ற சுவர்போல் படியுமாறு இத்தாங்கி அமைக்கப்படுகிறது. கணுக்கால் சிறிது கீழ்நோக்கிய கோணத்தில் நிலைநிறுத்தப்படுகிறது. பாதம் தரையில் படிந்ததும் எதிர்விசை முன்சுவரின் வழியே முன்காலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. முழங்கால் மடியாமல் நிற்கிறது. தளர்ந்த தசையின் பணியைத் தரையே செய்கிறது எனலாம். முழங்காலுக்குப் பூட்டு தேவையில்லை. அமரும்போது எடை நீங்கிவிடுவதால் முழங்கால் தடையின்றி மடிகிறது. மேலும், தாங்கியைச் சாதாரணக் காலணிக்குள்ளேயே அணியலாம்.

இத்தத்துவம் 1960களின் இறுதியிலேயே மேல்நாட்டு மருத்துவ உலகில் அறியப்பட்டிருந்தது. ஏவுகணைக்கென உருவான பொருளறிவை அதனுடன் இணைத்து, எளிய குடும்பத்துக் குழந்தைகளிடம் சேர்த்ததே ஐதராபாத்தின் பங்களிப்பாகும்.

இலேசும் விறைப்பும்

தாங்கி இலேசாக இருந்தால் மட்டும் போதாது. கணுக்கால் பகுதியில் ஓடு வளைந்துகொடுத்தால் எதிர்விசை முன்காலைச் சென்றடையாது, முழங்கால் மடிந்துவிடும். எனவே குறைந்த எடையில் மிகுந்த விறைப்பு வேண்டும். ஏவுகணையின் கூட்டுக்கும் இதுவே தேவை.

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை சுமார் 7.8 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம், பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் எடை 0.9 கிராம் மட்டுமே. பிளாஸ்டிக் தனித்து நின்றால் வளையும். கண்ணாடி இழையோ கார்பன் இழையோ அதனுள் சேர்க்கப்படும்போது எடை சிறிதளவே கூட, விறைப்பு பன்மடங்கு பெருகுகிறது. மூங்கிலின் நார்கள் அதற்கு வலுவூட்டுவதைப் போன்றதே இது.

எவருக்குப் பொருந்தும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே தாங்கி கிடையாது. முழங்கால் நிரந்தரமாக மடங்கி இறுகிப் போயிருந்தால் எதிர்விசை அதை நிமிர்த்த இயலாது. முதலில் பயிற்சியோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். இடுப்புத் தசைகள் ஓரளவேனும் வலுவுடன் இருத்தல் வேண்டும். காலின் அச்சைப் பாரிஸ் சாந்தில் எடுத்து, அதன்மீது ஓட்டை வார்த்து, உறுத்தும் இடங்களைச் சீர்செய்து பொருத்துவது பயிற்சி பெற்ற வல்லுநரின் பணியாகும்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27ஆம் நாள் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. எனினும் முன்னர் பாதிக்கப்பட்டோர் இன்று நடுத்தர வயதினராகவும் முதியோராகவும் வாழ்கின்றனர். மூளை முடக்குவாதத்தால் முழங்கால் மடங்க நடக்கும் குழந்தைகளுக்கும் இவ்வகைத் தாங்கி பயன்படுகிறது.

கழுத்துக்கும் இதே பாடம்

ஐதராபாத் இன்று கணினித் துறையின் பெருநகரமாகவும் விளங்குகிறது. திரையை நோக்கிக் குனிந்தே பணியாற்றுவோருக்குக் கழுத்து வலி பொதுவான தொல்லையாகிவிட்டது. வயது வந்தவரின் தலை 4.5 முதல் 5 கிலோ வரை எடையுள்ளது. தலை முன்னோக்கிச் சாயச் சாய, அதைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் தசைகளின் சுமை பெருகுகிறது. இதனைச் சரிசெய்வதாகக் கூறும் பட்டைகளும், குனிந்தால் அதிர்ந்து நினைவூட்டும் சிறு மின்னணுச் சாதனங்களும் சந்தைக்கு வந்துள்ளன.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளல் வேண்டும். போலியோவால் தளர்ந்த தசைக்குத் தாங்கி ஒரு மாற்று. அலுவலகப் பணியாளரின் கழுத்துத் தசையோ உயிர்த்துடிப்புள்ளது. காயத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பின்னர் மருத்துவர் கூறும் காலம் வரை கழுத்துப் பட்டை இன்றியமையாததாக இருக்கலாம். தேவையின்றி நெடுநாள் அணிந்தால் தசைகள் வேலையிழந்து மெலியும். அதிரும் சாதனம் நினைவூட்டுமேயன்றித் தலையைத் தாங்காது. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துதல், இடையிடையே எழுந்து நடத்தல், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகள் ஆகியவையே அடிப்படைத் தீர்வாகும்.

வழங்குவதோடு முடிவதில்லை

கான்பூரில் 1972இல் செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகம் நிறுவப்பட்டது. உதவிச் சாதனங்கள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதல் செயற்பட்டு வருகிறது. வல்லுநர்களின் பயிற்சியை நெறிப்படுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மறுவாழ்வு மன்றம் அமைந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பயனாளிகளை உரிமையுடையோராக ஏற்றுள்ளது.

இத்தகைய அமைப்புகள் இருந்தும், முகாமில் வழங்கப்பட்ட சாதனம் வீட்டில் பயன்படுகிறதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. குழந்தை வளர்கிறது, தாங்கி வளர்வதில்லை. காலப்போக்கில் அது இறுக்கத் தொடங்கும். வேறொன்று செய்ய வேண்டும். கோடை வியர்வையில் தோல் புண்ணாகலாம். வார் அறுந்து போகலாம். இவற்றைக் கவனிக்கும் பணிமனை மாவட்டத் தலைநகரிலேனும் இல்லையெனில், இலேசான தாங்கியும் பழைய காலிபரைப் போலவே மூலையைச் சென்றடையும். ஆகவே எத்தனை சாதனங்கள் வழங்கப்பட்டன என்பதோடு, ஓராண்டுக்குப் பின் அவற்றுள் எத்தனை அணியப்படுகின்றன என்பதையும் அலுவலர்கள் பதிவு செய்வது பயனுடையது.

விலைமதிப்பற்ற ஆராய்ச்சி நாட்டின் பல கூடங்களில் நடைபெறுகிறது. அதன் பயன் தானாக மக்களிடம் வந்துவிடுவதில்லை. ஒரு மருத்துவர் ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்றதும், ஒரு விஞ்ஞானி நோயாளிகளின் நடையை நேரில் கண்டதுமே 3 கிலோவை 300 கிராமாக்கின. இத்தகைய சந்திப்புகளைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் நிர்வாகத்தின் வழக்கமாக்குவது, இவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டிய பாடமாகும்.