செத்தவங்களுக்கு ஊர் கட்டுவது எப்படி? 'ஆஃப்டர்லைஃப்' ஆடப் போறவங்களுக்கு சில டிப்ஸ்

சிம்சிட்டி, சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் மாதிரி நகரம் கட்டுற கேம் ஆடினவங்களுக்கு ஒரு விஷயம் பழகிப் போயிருக்கும். ஊர் பிடிக்கலைன்னா ஜனங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. வரியை ஏத்தினா போவாங்க, கரண்ட் இல்லைன்னா போவாங்க. பார்க்க அது நம்ம தோல்வி மாதிரி இருக்கும். ஆனா உண்மையில அது ஒரு சேஃப்டி வால்வு. பிரஷர் ஏறினா தானா திறந்துக்கும், நாம தப்பிச்சுக்குவோம்.

இப்போ அந்த வால்வே இல்லாத ஒரு ஊரை யோசிச்சுப் பாருங்க. குடி வர்ற எல்லாருமே ஏற்கனவே செத்தவங்க. இன்னொரு தடவை சாக முடியாது. பிடிக்கலைன்னு கிளம்பிப் போகவும் முடியாது. அதுதான் 'ஆஃப்டர்லைஃப்'. லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனி 1996ல வெளியிட்ட கேம். டிசைன் பண்ணினவர் மைக்கேல் ஸ்டெம்லி. 'சாம் அண்ட் மேக்ஸ் ஹிட் தி ரோட்' கேமை உருவாக்கினவங்கள்ல இவரும் ஒருத்தர், அதனால நக்கலுக்குப் பஞ்சமே இருக்காது. ஜிஓஜி சைட்ல கிடைக்குது. கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத பழைய லேப்டாப்ல கூட ஓடும். நம்ம லேப் மெஷின்ல ஓடுமான்னு கேட்காதீங்க, நான் பதில் சொன்னா ஹெச்ஓடி படிப்பார்.

கதை இதுதான். 'பிளானட்'னு ஒரு கிரகம். அதுல வாழுறவங்களுக்கு 'எம்போ'ன்னு பேர். அவங்க செத்ததும் ஆன்மா உங்க கிட்ட வரும். நீங்க ஒரு 'டெமியர்ஜ்', அதாவது பாதி சக்தி மட்டும் இருக்குற கடவுள். உங்களுக்கு மேல 'பவர்ஸ் தட் பி'ன்னு முதலாளிகள் இருக்காங்க. ஒரே மேப்ல மேல சொர்க்கம், கீழ நரகம். ரெண்டையும் ஒரே பட்ஜெட்ல நீங்கதான் கட்டணும். நரகத்துல பொறாமை, பேராசை, பெருந்தீனி, சோம்பல், காமம், கோபம், செருக்குன்னு ஏழு பாவத்துக்கு ஏழு வகை ஸோன். சொர்க்கத்துல அதுக்கு நேர் எதிரா மனநிறைவு, ஈகை, மிதம், சுறுசுறுப்பு, கற்பு, சாந்தம், பணிவு. சிம்சிட்டியில வீடு, கடை, ஃபேக்டரின்னு மூணே மூணு ஸோன்தான். இங்கே 14. அதுக்கு மேல யார் வந்தாலும் ஏத்துக்குற பொது ஸோனும் உண்டு.

ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கங்க. யார் நல்லவன், யார் கெட்டவன்னு நீங்க தீர்ப்பு சொல்றதே இல்லை. நீங்க எமனும் இல்லை, சித்ரகுப்தனும் இல்லை. எமலோகத்து பிடபிள்யூடி இன்ஜினியர். ஃபைல் முடிஞ்சு ஆள் வந்து சேர்ந்துட்டான், அவனுக்கு இடம் இருக்கா, போக ரோடு இருக்கா, அவ்வளவுதான் உங்க கவலை. வர்ற ஆன்மாக்களைப் பொறுத்துத்தான் உங்களுக்குச் சம்பளம். போக வேண்டிய இடம் கிடைக்காத ஆன்மா தொலைஞ்சு போகும்.

முதல்ல பாஸ் பட்டன்

கேம் ஆரம்பிச்சதும் நேரத்தை நிறுத்துங்க. கடிகாரம் ஓடாதப்பவே கட்டலாம். கையில இருக்குற காசைப் பார்த்ததும் பெரிய பெரிய ஸோனா வரைஞ்சு தள்ளத் தோணும், வேண்டாம். சொர்க்கத்துல ஒரு கேட், நரகத்துல ஒரு கேட். ரெண்டுலயும் கேட்டை ஒட்டி ஒரு குட்டி ரோடு, அந்த ரோட்டை ஒட்டி ஏழு வகை ஸோனும் கொஞ்சம் கொஞ்சம். அங்கங்கே பாறை இருக்கும், அதுக்குப் பக்கத்துல 'சைஃபன்' வச்சாத்தான் எனர்ஜி கிடைக்கும். அதனால பாறை எங்கே இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் கேட் வைக்கிற இடத்தை முடிவு பண்ணுங்க. வாட்டர் சோர்ஸ் பார்க்காம லேஅவுட் போட்ட நகர் மாதிரி ஆயிடக் கூடாது.

சொர்க்கத்தை முடிச்சுட்டு நரகத்துக்கு வருவோம்னு இருக்கவே கூடாது. ஆன்மாக்கள் ரெண்டு பக்கமும் முதல் நாள்ல இருந்தே வரும். ஒரு பக்கம் கேட்டே இல்லைன்னா அந்தப் பக்கத்து வருமானம் மொத்தமும் போச்சு.

இதுக்கு பிக்யூடி தெரிஞ்சா போதும்

இப்போ முக்கியமான இடம். சிஎஸ்இ, ஐடி மக்களுக்கு பிக்யூடி பேப்பர்ல லிட்டில்ஸ் லா வந்திருக்கும். ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சது. சிஸ்டத்துக்குள்ள சராசரியா எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேட்டா, வர்ற வேகத்தை ஒருத்தர் தங்குற நேரத்தால பெருக்கினா விடை. மெஸ்ல நிமிஷத்துக்கு 10 பேர் வந்து, ஒவ்வொருத்தரும் 20 நிமிஷம் உட்கார்ந்தா, எந்த நேரத்துல எட்டிப் பார்த்தாலும் 200 பேர் இருப்பாங்க. 200 சீட் இருந்தா சமாளிச்சுடலாம். இதுக்கு ஒரு கண்டிஷன் உண்டு. வர்ற ஆள் என்னைக்காவது எழுந்து போகணும்.

'ஆஃப்டர்லைஃப்'ல எம்போக்களோட நம்பிக்கை எப்படியோ அப்படித்தான் அவங்க கதியும். சிலர் செஞ்ச பாவத்துக்குக் கொஞ்ச காலம் தண்டனை, அப்புறம் மறுபிறவின்னு நம்புறவங்க. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், பாட்டி சொல்லியே தெரியும். வேற சிலர் போனா போனதுதான், நிரந்தரம்னு நம்புறவங்க. ஒரு பாவத்துக்கு மட்டும் கணக்கு தீர்க்குறவங்க இருக்காங்க, செஞ்ச ஒவ்வொரு பாவத்துக்கும் ஒவ்வொரு ஸோனா ஏறி இறங்குறவங்களும் இருக்காங்க.

மெஸ் கணக்கை இங்கே போட்டுப் பாருங்க. நம்பர் நான் சும்மா எடுத்துக்கிட்டது. வருஷத்துக்கு 50 தற்காலிக ஆன்மா வருது, ஒவ்வொண்ணும் 40 வருஷம் தங்குதுன்னா, எப்பவும் 2000 இடம் போதும். 500 வருஷம் கழிச்சும் அதே 2000தான். ஆனா வருஷத்துக்கு வெறும் 10 நிரந்தர ஆன்மா வந்தா? 200 வருஷத்துல 2000. 400 வருஷத்துல 4000. இது நிக்கவே நிக்காது. ஆரம்பத்துல சின்ன நம்பரா தெரியுற இந்தக் கூட்டம்தான் கடைசியில மேப் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

அதனால ஆன்மாக்களோட புள்ளிவிவரம் காட்டுற விண்டோவை அடிக்கடி திறங்க. எந்தப் பாவம் எத்தனை சதவீதம், நிரந்தரம் எவ்வளவு, மறுபிறவி கேஸ் எவ்வளவுன்னு பார்த்து, அதுக்கு ஏத்த மாதிரி ஸோன் போடுங்க. நிரந்தரக் கூட்டம் அதிகமா வர்ற ஸோனுக்குப் பக்கத்துல காலி இடம் விட்டு வையுங்க. அழகுக்காக ஏழு ஸோனையும் ஒரே சைஸ்ல கட்டம் கட்டமா வரைஞ்சா ஸ்கிரீன்ஷாட் நல்லா வரும், ஊர் ஓடாது.

கேமே இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. ஊர் பெருசானதும் பரிசா சில பெரிய பில்டிங் கிடைக்கும். சொர்க்கத்துக்கு 'லவ் டோம்', நரகத்துக்கு 'ஆம்னிபோல்ஜ்'. சிம்சிட்டி 2000ல வர்ற ஆர்காலஜி மாதிரி, ஒண்ணுக்குள்ளயே பெருங்கூட்டம் அடங்கும். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரகத்துல எட்டாவது வட்டத்துக்கு 'மாலேபோல்ஜே'ன்னு பேர் வச்சார், ஆம்னிபோல்ஜ் பேர் அங்கே இருந்து வந்தது. ஆனா அதுவரைக்கும் ஊரை உயிரோட வச்சிருக்கணும்.

கர்மா ரயில்

மறுபிறவிக்காரங்களை வெளியே அனுப்புறதுக்கு 'கர்மா போர்ட்டல்' வேணும். அங்கே கொண்டு போய் விட கர்மா ஸ்டேஷன், தண்டவாளம், ரயில். சொர்க்கம் முடிச்சு நரகம், நரகம் முடிச்சு சொர்க்கம்னு மாறுறவங்களுக்காக ரெண்டு லோகத்தையும் இணைக்க 'கர்மா ஆங்கர்' இருக்கு. செலவு அதிகம்தான். அதனாலயே நிறைய பேர் தள்ளிப் போடுவாங்க. ஆனா மேல போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க, வெளியே போற வழி இல்லைன்னா தற்காலிக ஆன்மாவுக்கும் நிரந்தர ஆன்மாவுக்கும் என்ன வித்தியாசம்? ரயிலை அலங்காரமா நினைக்காதீங்க, அதுதான் நாம தேடின வால்வு. ஊர் கொஞ்சம் நிமிர்ந்ததும் உங்க முதல் பெரிய செலவு இதுவா இருக்கட்டும். போனவங்க அங்கே பிறந்து, வளர்ந்து, பாவம் பண்ணி, செத்து, திரும்பவும் உங்க கேட்டுக்கே வருவாங்க. ரிபீட் கஸ்டமர்.

ஒவ்வொரு பில்டிங்லயும் பேலன்ஸ் பண்ற ஸ்லைடர் ஒண்ணு இருக்கும். நிரந்தரம், தற்காலிகம் ரெண்டுக்கும் இடையில எங்கே நிறுத்தணும்னு அதுல சரி பண்ணணும். ஊர் சின்னதா இருக்கும்போது கையாலயே பண்ணுங்க. பெருசானா மவுஸ் தேஞ்சு போகும், அப்போ காசு கொடுத்து ஆட்டோவுல விட்டுடுங்க.

டிரெயினிங் சென்டர் நிறைய, வேலை கம்மி

ஃபைனல் இயர் மக்கள் இந்தப் பகுதியை மெதுவா படிக்கவும்.

பில்டிங் ஓடணும்னா வேலையாள் வேணும். சொர்க்கத்துக்கு ஏஞ்சல், நரகத்துக்கு டீமன். ஆரம்பத்துல வெளியில இருந்து வருவாங்க, அவங்களுக்குச் சம்பளம் அதிகம். பட்ஜெட்ல பெரிய ஓட்டை இதுதான். அதை அடைக்க 'டோப்பியா'ன்னு குடியிருப்பு கட்டலாம். 'டிரெயினிங் சென்டர்' கட்டினா உங்க கிட்ட இருக்குற ஆன்மாக்களையே பயிற்சி கொடுத்து ஏஞ்சலாவும் டீமனாவும் மாத்தலாம். உள்ளூர் ஆள், செலவு கம்மி. பட்ஜெட் பச்சையா மாறும். அடடா, இன்னும் நாலு சென்டர் கட்டுவோம்னு தோணும்.

அங்கேதான் பிரச்சினை. சென்டர் பயிற்சி கொடுத்துத் தள்ளிக்கிட்டே இருக்கும், ஊர்ல எத்தனை வேலை காலியா இருக்குன்னு அது பார்க்காது. வேலை இல்லாத ஏஞ்சலும் டீமனும் கூடிக்கிட்டே போனா சும்மா இருக்க மாட்டாங்க, ரெண்டு லோகத்துக்கும் நடுவுல சண்டையாயிடும். நீங்க பார்த்துப் பார்த்துக் கட்டின பில்டிங்தான் உடையும். இன்டேக்கை ஏத்திக்கிட்டே போய், வெளியே வர்றவங்களுக்கு வேலை இருக்கான்னு யோசிக்காத ஒரு சிஸ்டம். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? 1996ல அமெரிக்காவுல யாரோ கம்ப்யூட்டர் கேமுக்காக எழுதினது.

என்ன பண்ணலாம்னா, முதல்ல ஒரு சென்டர் மட்டும் கட்டுங்க. மொத்த வேலை எவ்வளவு, உள்ளூர் ஆள் எவ்வளவுன்னு பட்ஜெட் விண்டோவுல கவனிங்க. எல்லா வேலைக்கும் உள்ளூர் ஆளையே போடணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. கொஞ்சம் வெளியாள் இருக்கட்டும். அந்தக் கூடுதல் சம்பளத்தை இன்ஷூரன்ஸ் பிரீமியம்னு நினைச்சுக்கங்க. உள்ளூர் ஆள் தேவையைத் தொட்டுட்டா சென்டரை நிறுத்துங்க, ஸோன் வளர்ந்ததும் திரும்ப ஆரம்பிங்க.

கடன் வாங்கலாமா?

வாங்கலாம். பேங்க் இருக்கு, லோன் கொடுக்கும். கேட், ரோடு, ரயிலுக்கு வாங்கின கடன் திரும்பி வரும். மாசச் செலவை ஓட்டுறதுக்கு வாங்கின கடன் வராது. கடன்லயே ரொம்ப நாள் கிடந்தா 'ஃபோர் சர்ஃபர்ஸ் ஆஃப் தி அப்போகலிப்ஸோ' வருவாங்க. பைபிள்ல உலக முடிவுல நாலு குதிரை வீரர்கள் வருவாங்க இல்லையா, இவங்க குதிரைக்குப் பதிலா சர்ஃப் போர்டுல வந்து ஊரையே துடைச்சுட்டுப் போயிடுவாங்க. சேவ் ஃபைல் மூணாவது வச்சுக்கங்க.

பேரழிவுகள் எல்லாமே சிலேடை. பாரடைஸ்னா சொர்க்கம், 'பேர் ஆஃப் டைஸ்'னா ஒரு ஜோடி பகடை. அதனால சொர்க்கத்துல ரெண்டு ராட்சசப் பகடை உருண்டு வந்து பில்டிங்கை நசுக்கும். 'ஹெவன் நோஸ்'னா வானத்துல ஒரு மூக்கு. 'டிஸ்கோ இன்ஃபெர்னோ', 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' எல்லாம் பேரைக் கேட்டாலே புரியும். இதுக்கெல்லாம் முன்கூட்டியே பெருசா திட்டம் போட முடியாது. கஜானாவைக் காலி பண்ணாம, திரும்பக் கட்டுற அளவுக்குக் கொஞ்சம் காசை ஒதுக்கி வச்சா போதும்.

ஆரியா குட்ஹேலோன்னு ஒரு ஏஞ்சல், ஜாஸ்பர் வார்ம்ஸ்வொர்த்னு ஒரு டீமன், ரெண்டு பேர் உங்களுக்கு ஆலோசகர்கள். ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே இருப்பாங்க. ஆனா ஊர்ல ஏதோ சரியில்லைன்னா முதல்ல தெரியுறது அவங்களுக்குத்தான், அதனால பாப்-அப் விளம்பரம் மாதிரி மூடிடாதீங்க. அப்புறம், நேரம் கிடைக்கும்போது பில்டிங் மேல கிளிக் பண்ணி விவரத்தைப் படிங்க. 'சான் க்வென்டின் டாரன்டினோ'ன்னு நரகத்துல ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியாவுல இருக்குற சான் க்வென்டின் ஜெயிலையும் 'பல்ப் ஃபிக்‌ஷன்' டைரக்டரையும் ஒட்டி வச்ச பேர். உள்ளே என்ன தண்டனைன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே கட்டிப் பாருங்க.