டர்போ வெர்னாவும் 7 வருஷ இ.எம்.ஐ.யும்

ஹூண்டாய் வெர்னா டர்போ வாங்கலாம்னு இருக்கீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க.

2017-ல் புது வெர்னா வந்தது. 2020-ல் ஃபேஸ்லிஃப்ட், கூடவே 1.0 லிட்டர் டர்போ இன்ஜின். 2023-ல் காரே முழுசா மாறியது: 1.5 லிட்டர் டர்போ, 160 பிஎஸ் பவர், சிவப்பு பிரேக் காலிப்பர். ஆக, மூணு வருஷத்துல உங்க கார் 'பழைய மாடல்' ஆயிடுது.

கடன் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. 15 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருஷம்னு வைங்க. இ.எம்.ஐ. சுமார் ரூ.24,130. மொத்த வட்டி ரூ.5.27 லட்சம். மூணு வருஷம் கட்டின பிறகும் அசல் பாக்கி ரூ.9.7 லட்சம்!

டர்போ இல்லாத 1.5 பெட்ரோல் 115 பிஎஸ். காலை 9 மணிக்கு பாடி மேம்பாலத்துல ரெண்டும் ஒரே வேகம்தான்.

ஆசைப்படுறது தப்பில்ல. ஆனா அடுத்த மாடல் வர்றதுக்குள்ள கடன் முடியுற அளவுக்கு முன்பணம் சேர்த்துட்டு ஷோரூமுக்குப் போங்க.