படம் ஏன் திக்குகிறது?

2011-இல் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் சில்லுகளை நம்பி வீட்டுத் திரையரங்குக் கணினி அமைத்தவர்கள் ஒரு குறையைக் கண்டு நொந்துபோனார்கள். புளூ-ரே படம் ஓடும்போது அவ்வப்போது ஒரு சின்னத் திக்கல். படம் நொடிக்கு 23.976 பிரேம்கள் கொண்டது. சில்லோ திரையை 24 முறை புதுப்பித்தது. இந்த வேறுபாடு சேர்ந்து, சுமார் 42 நொடிக்கு ஒருமுறை ஒரு பிரேம் இரண்டு தடவை காட்டப்பட்டது. 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் இது ஒழுங்காகத் தீர்ந்தது.

எல்லாத் தொல்லையும் சில்லின் குற்றமல்ல. பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான் காரணம்.

நேற்றுவரை டிவியில் கேட்ட ஒலி இன்று திடீரென நின்றால், விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றியதா என்று முதலில் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியும் கிராபிக்ஸ் கார்டு வழியாகத்தான் போகிறது. அதற்கான டிரைவரும் பெரும்பாலும் அதே தொகுப்பில் வருகிறது. டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தால் பழையது திரும்பிவிடும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால், இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருளால் மிச்சங்களைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவலாம். அலுப்பான வேலைதான், ஆனாலும் பலன் தரும்.

நன்றாக வேலை செய்த டிரைவரின் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.