40 வயதுக்குப் பின் வீட்டிலேயே வலிமைப் பயிற்சி: கொல்கத்தாவின் மனோகர் ஐச் வாழ்க்கை சொல்லும் பாடம் என்ன?

கொல்கத்தா: திருமணம், குழந்தை வளர்ப்பு, அலுவலகப் பணி என ஆண்டுகள் கடந்தபின், 40 வயதை ஒட்டிய பெற்றோர் பலருக்கு ஒருநாள் அந்த உண்மை உறைக்கிறது. உறங்கிவிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது; அரிசி மூட்டையை நகர்த்தினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இளமையில் செய்த பயிற்சியை மீண்டும் தொடங்க விரும்பினாலும், உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்ல நேரமோ பணமோ அமைவதில்லை. கருவிகள் இன்றி, வீட்டிலேயே இழந்த வலிமையை மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு கொல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கையே சான்றாக உள்ளது.

சிறையில் உருவான உடல்

இன்றைய வங்கதேசத்தின் கொமில்லா பகுதியில் 1912ல் பிறந்தவர் மனோகர் ஐச். சிறுவயதில் காலா அசார் காய்ச்சலால் நலிந்த அவர், தண்டால், பஸ்கி போன்ற எளிய பயிற்சிகளால் உடலைத் தேற்றிக்கொண்டார். 1942ல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தபோது எடைப் பயிற்சி அறிமுகமானது. காலனி ஆட்சி குறித்த வாக்குவாதத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரை அறைந்ததால் சிறை சென்றார். அங்கு கருவிகள் எதுவும் இல்லாமல், தன் உடல் எடையையே துணையாகக் கொண்டு நாள்தோறும் பயிற்சி செய்தார். அவரது ஈடுபாட்டைக் கண்ட சிறை நிர்வாகம் சிறப்பு உணவுக்கு ஏற்பாடு செய்தது.

விடுதலைக்குப் பின் கொல்கத்தாவில் வறுமையோடு போராடினார். இளநீர் விற்றும் பிழைத்தார். 4 அடி 11 அங்குல உயரமே கொண்ட அவர், 1952ல் தமது 40ஆவது வயதில், லண்டனில் நடந்த 'மிஸ்டர் யுனிவர்ஸ்' போட்டியில் உயரம் குறைந்தோர் பிரிவில் பட்டம் வென்றார். 'பாக்கெட் ஹெர்குலிஸ்' என அழைக்கப்பட்ட அவர் நான்கு பிள்ளைகளின் தந்தை ஆவார்.

அவரைப் போல் மணிக்கணக்கில் பயிற்சி செய்வது யாருக்கும் தேவையில்லை. தசைக்கு வேண்டியது விலையுயர்ந்த கருவியன்று, படிப்படியாகக் கூடும் சுமையே என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது.

தசைக்கு என்ன நேர்கிறது?

30 வயதுக்குப் பின், பயிற்சி இல்லாதவர்களின் தசை ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 சதவீதம் வரை குறைவதாக மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஆனால் இழப்பு நிரந்தரமன்று. பயிற்சியின்போது தசை இழைகளில் கூடுதலாக உருவாகும் உட்கருக்கள், பயிற்சி நின்று தசை சுருங்கிய பின்னும் நீடிப்பதை நார்வே ஆய்வாளர்கள் 2010ல் எலிகளிடம் கண்டறிந்தனர். முன்பு பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை விரைவில் திரும்புவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

இதுவரை பயிற்சியே செய்யாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 90 வயதை ஒட்டிய முதியோருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்தபோது, அவர்களது கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்ததாக 1990ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள், உடலின் முக்கியத் தசைகள் அனைத்திற்கும் வலிமைப் பயிற்சி அளிக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020ல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது. நடைப்பயிற்சி இதற்கு மாற்று ஆகாது, இரண்டும் தேவை.

எங்கே தவறு நேர்கிறது?

25 வயதில் விட்ட இடத்திலிருந்தே தொடங்க முற்படுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. தசை விரைவில் தேறிவிடும். ஆனால் தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகவே வலுப்பெறும். முதல் வாரத்திலேயே 50 தண்டால் எடுக்க முயன்று தோள்பட்டையைக் காயப்படுத்திக்கொண்டால், மீண்டும் ஓராண்டு இடைவெளி விழுந்துவிடும்.

தொடங்குவது எப்படி?

ஒரு பாய் விரிக்கும் இடமும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் 20 நிமிடமும் போதும். நாற்காலியில் அமர்ந்து கைகளை ஊன்றாமல் எழுதல், சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுத்தல், புத்தகங்கள் நிரப்பிய பையைக் குனிந்த நிலையில் வயிற்றை நோக்கி இழுத்தல், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல், தண்ணீர் வாளியை ஏந்தி நடத்தல் ஆகிய ஐந்தும் உடல் முழுமைக்கும் பயிற்சி தரும். 10 லிட்டர் தண்ணீரின் எடை 10 கிலோ என்பதால், சுமையை அளந்து கூட்டவும் வாளி உதவும்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்றுகள் செய்யலாம். இன்னும் இரண்டு முறை செய்ய இயலும் என்ற நிலையிலேயே நிறுத்துவது நல்லது. 12 முறை எளிதாகிவிட்டால் அடுத்த படிக்குச் செல்லலாம்: சுவருக்குப் பின் மேசை விளிம்பு, அதன்பின் தரை. பயிற்சிகளுக்கு இடையே ஒருநாள் ஓய்வு அவசியம்.

கவனிக்க வேண்டியவை

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசைவலி இருப்பது இயல்பு. ஆனால் நெஞ்சுவலி, தலைசுற்றல், மூட்டில் குத்தும் வலி ஏற்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். அளவுமீறிய பயிற்சிக்குப் பின் சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறமாக மாறினால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களும், பிரசவம் அல்லது அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் மருத்துவரின் ஒப்புதலுடனேயே தொடங்க வேண்டும். சுமையைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. கொல்கத்தா, சென்னை போன்ற ஈரப்பதம் மிக்க நகரங்களில் வியர்வை எளிதில் உலராது. எனவே கோடையில் அதிகாலையே ஏற்றது.

உணவைப் பொறுத்தவரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். பருப்பு, முட்டை, மீன், பால், சுண்டல் ஆகியவற்றிலிருந்தே இதைப் பெற இயலும். உடலைத் தேற்றுவதற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு ஐசிஎம்ஆர் அமைப்பின் கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் அறிவுறுத்தியது.

மனோகர் ஐச் பட்டம் வென்றதோடு நின்றுவிடவில்லை. முதுமையிலும் பயிற்சியைத் தொடர்ந்த அவர், இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2015ல் மேற்கு வங்க அரசு அவருக்கு 'வங்க விபூஷண்' விருது வழங்கியது. 2016 ஜூன் 5ஆம் தேதி, 104ஆவது வயதில் கொல்கத்தாவில் காலமானார். நடுத்தர வயதுப் பெற்றோர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டத்தை அன்று, விடாமல் தொடரும் அந்தப் பழக்கத்தையே. இந்த வாரம் இரண்டு நாட்கள், அடுத்த வாரமும் இரண்டு நாட்கள் என்பதே போதுமான தொடக்கம்.